கிறிஸ்தவத்தில் சமாதானம் என்றால் சண்டை போடாமல் அமைதியாக இருப்பதுதானா?

இல்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதை வேதாகமம் சமாதானம் என்று சொல்வதில்லை. அங்கே வரும் எபிரேயச் சொல் ‘ஷாலோம்’. குறைவில்லாத முழு நலம் என்று பொருள். மலைப்பிரசங்கத்தில் இயேசு பாக்கியவான்கள் என்பதும் சமாதானம் ‘பண்ணுகிறவர்களை’த்தான்.

எங்கள் தஞ்சாவூரில் அப்படி ஒருவர் இருந்தார். 1779-இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சமாதானம் பேச, லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஹைதர் மரியாதையோடு வரவேற்றார். ஆனாலும் அடுத்த ஆண்டே போர், பின்னாலேயே பஞ்சம். தானியம் கொடுத்தால் அரண்மனை அதற்குப் பணம் தரும் என்று விவசாயிகள் நம்பவில்லை. பணத்துக்கு சுவார்ட்ஸ் பொறுப்பேற்றதும் நம்பி, தானியத்தைக் கொண்டுவந்தார்கள். தோற்றுப்போன அந்தப் பேச்சுவார்த்தையைவிட இந்தத் தானியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அப்புறம், மௌனம்? அதுவும் வேண்டும். இயேசுவே விடியுமுன் எழுந்து தனியிடம் போய் ஜெபித்தார். பிறகு ஜனங்களிடம் திரும்பினார். வாய்க்கால் தண்ணீருக்காக உங்கள் அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருந்தால், ஜெபித்து முடித்ததும் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்.