மூலக்கூறு மோட்டார் படிக்க விரும்பும் மகள்: வெள்ளவத்தைத் தாய்க்குப் பதில்

அம்மா, உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டு, மருத்துவம் வேண்டாம், மூலக்கூறு மோட்டார் செய்யப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள். அப்படி ஒரு படிப்பு உண்டா, அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. மூலக்கூறு மோட்டார் என்பது, சக்தி கொடுத்தால் ஒரே திசையில் நகரும்படி கட்டிய மூலக்கூறு. இதன் வேர் பழையது. பொற்றாசியம் அயனைத் தன் நடுவே பிடித்து வைக்கும், கிரவுன் ஈதர் எனும் வளைய மூலக்கூறுகளைப் பற்றி பெடர்சன் என்ற இரசாயனவியலாளர் 1967இல் எழுதினார். ஒரு மூலக்கூறு இன்னொன்றைத் தனக்குள் ஏந்திக்கொள்ளும் இந்தத் துறைக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. மகள் சொல்லும் மோட்டார்களும் அடங்கும் மூலக்கூறு இயந்திரங்களுக்கு 2016இல் கிடைத்தது.

ஒருவகைச் சுழலும் மோட்டாரில் சிறு வளையம் பெரிய வளையத்துக்குள் கோக்கப்பட்டிருக்கும். அது ஒட்டி நிற்கும் இடத்தின் பிடியை ஒளியாலோ இலத்திரனாலோ தளர்த்தினால் அடுத்த இடத்துக்கு நகரும். பெரிய சிக்கல் திசைதான். அந்த அளவில் வெப்பமே எல்லாவற்றையும் முன்னும் பின்னும் உலுப்பிக்கொண்டிருக்கும். ஆகவே தேர்ச் சில்லுக்குக் கட்டை வைப்பதுபோல, வளையம் கடந்த வழியை அடைக்கும் அமைப்பையும் மூலக்கூறிலேயே கட்டவேண்டும். மூன்று வளையங்களைக் கோத்து ஒரே திசையில் சுழலச் செய்யலாம் என்று இரசாயனவியலாளர் டேவிட் லீயின் குழுவினர் 2003இல் காட்டினார்கள். இந்தச் சிக்கல் மகளை இழுக்கிறதென்றால், அந்த ஆர்வத்தை வெட்டிவிடாதீர்கள்.

ஆனால் "மூலக்கூறு மோட்டார்" என்ற பெயரில் கொழும்பில் வேலைக்கு விளம்பரம் வராது. முதலில் அகலமான இரசாயனப் பட்டம் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் ஒரு வழி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கைவிட்டால், கட்டணம் செலுத்திப் படிக்க ராஜகிரியவில் இரசாயனவியல் நிறுவகம் இருக்கிறது. அந்தப் பட்டத்தோடு மருந்து, இறப்பர், பெயின்ட் கம்பனிகளுக்கும் பரிசோதனை ஆய்வுகூடங்களுக்கும் போகலாம். மோட்டாரை உண்மையிலேயே வடிவமைப்பது கலாநிதிப் படிப்பில்தான். அதற்குப் பெரும்பாலும் வெளிநாடு போகவேண்டும், ஐந்து வருடமளவில் பிடிக்கும். அமெரிக்காவில் இரசாயனக் கலாநிதி மாணவர்களுக்குப் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளி, உதவிப்பணமும் கொடுப்பார்கள். காணியை விற்கவேண்டி வராது.

எனக்குள்ள கவலை கணிதம்தான். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் நுண்கணிதம் தெரியாமலே வருகிறார்கள். இரசாயனப் பட்டத்தில் வரும் வெப்பவியக்கவியலும் தாக்கவீதமும் அது இல்லாமல் ஏறாது. பெறுபேறு வரும்வரை ஒரு நல்ல ஆசிரியரிடம் அதைப் படிக்க விடுங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கைத் தனியே நிரப்பவேண்டாம். மருத்துவத்தை மேலே எழுதி, புள்ளியும் போதுமாக இருந்தால், அதுதான் கிடைக்கும். மகளை அருகில் இருத்தி, அவளையே எழுதச் சொல்லுங்கள்.