இலவசமாக வெப்சைட் செய்து கொடுத்து போர்ட்ஃபோலியோ உருவாக்கலாமா? கேள்வி பதில்

ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனில் காலூன்றப் பார்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். 'இலவசமாகச் செய்வதே தப்பு' என்று சண்டைக்கு வந்தவர்களுக்கும் நடுவில் பதில் இருக்கிறது.

கேள்வி: அக்கா, கோர்ஸ் முடிச்சுட்டேன். கையில ஒரு கிளையன்ட் கூட இல்ல. முதல் பத்து பேருக்கு இலவசம்னு போஸ்ட் போடலாமா?

பத்து வேண்டாம் தம்பி. இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பை, பார்க்கிறவர் எத்தனை சைட் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். தன் தொழிலைப் போல ஒன்றாவது இருக்கிறதா, அது போனில் ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்பார். நான்காவது இலவச வேலை, மூன்றாவது காட்டாத எதையும் புதிதாகக் காட்டப்போவதில்லை.

போஸ்ட் போடுவதும் வேண்டாம். 'இலவசம்' என்று கூவினால் முதலில் ஓடி வருகிறவர்கள் அந்தச் சொல்லுக்காகவே வருகிறவர்கள். சைட்டை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்ற யோசனை அவர்களுக்கு இருக்காது. அப்படிப்பட்டவருக்குச் செய்தது சில மாதங்களில் கேட்பாரற்றுக் கிடக்கும். அந்த லிங்க்கை அடுத்தவரிடம் காட்டவும் முடியாது. நீங்களே ஆளைத் தேடிப் போங்கள்.

கேள்வி: யாரைத் தேடிப் போவது? சொந்தக்காரர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

சொந்தக்காரர்களைக் கடைசியில் வையுங்கள். அவர்களிடம் 'இது வேலையில் சேராது' என்று சொல்ல நாக்கு எழாது.

இரண்டு வருடம் கழித்து எந்த மாதிரி ஆட்களிடம் காசு வாங்கி வேலை செய்ய ஆசைப்படுகிறீர்களோ, அந்தத் தொழிலிலேயே முதல் இலவச வேலையும் இருக்கட்டும். பல் மருத்துவர்களுக்கு வேலை செய்ய நினைக்கிறவர் கல்யாண போட்டோகிராபருக்கு சைட் செய்து வைத்திருந்தால் பாதிப் பலன்தான். அடுத்து, முடிவெடுக்கிறவர் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ஐந்து பேர் கமிட்டி உள்ள தொண்டு நிறுவனம் நல்ல காரியம் செய்யலாம். ஆனால் முகப்புப் படம் எது என்று முடிவெடுக்கவே அவர்களுக்கு ஒரு மாதம் ஆகும். மூன்றாவது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொழிலாக இருக்கட்டும். வாடிக்கையாளர் வந்து போகிற இடத்தில்தான் 'சைட் வந்த பிறகு என்ன மாறியது' என்று கேட்க முடியும்.

அனுப்பும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் பாட்டு வகுப்பின் பக்கத்தைப் போனில் பார்த்தேன். வகுப்பு நேரம் ஒரு படத்துக்குள் இருப்பதால் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. சேர விரும்புகிறவர் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியவில்லை. நான் வெப் டிசைனர். என் போர்ட்ஃபோலியோவுக்காக இந்த மாதம் ஒரே ஒரு சைட்டைக் கட்டணமில்லாமல் செய்கிறேன். மூன்று பக்கம், மூன்று வாரம். பதிலுக்கு இதை என் வேலையாகக் காட்ட அனுமதியும், முடிந்ததும் நாலு வரி கருத்தும் வேண்டும். பத்து நிமிடம் பேசலாமா?"

பாராட்டு மழை எதுவும் அதில் இல்லை, கவனித்தீர்களா? அவருடைய பக்கத்தைத் திறந்து பார்த்தவர் என்பதற்கு அந்த 'வகுப்பு நேரம் படத்துக்குள்' என்ற வரியே சாட்சி.

கேள்வி: காசே வாங்காத வேலைக்கு ஒப்பந்தமெல்லாம் ஓவராகத் தெரியாதா?

காசு வாங்கும் வேலையை விட இதற்குத்தான் அதிகம் தேவை. கட்டணம் இருந்தால் 'இன்னும் ரெண்டு பக்கம்' என்று கேட்பதற்கு முன் அவரே ஒரு நிமிடம் யோசிப்பார். இங்கே அந்தத் தடுப்பு கிடையாது. எழுதி வைத்ததுதான் தடுப்பு.

வக்கீல் பாஷை வேண்டாம், ஒரு பக்க மெயில் போதும். எத்தனை பக்கம், என்னென்ன பக்கம். எத்தனை முறை திருத்தம். இரண்டு சுற்று என்று நான் வைப்பேன். எழுத்தும் படமும் எந்தத் தேதிக்குள் அவர் தர வேண்டும், தராவிட்டால் என்ன. சைட் வெளியான பின் 30 நாள் வரை பிழை திருத்தம் இலவசம், அதற்குப் பிறகு கட்டணம். உங்கள் வேலையாகக் காட்டும் அனுமதி. இவ்வளவையும் எழுதி, 'சம்மதம்' என்று பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

காப்புரிமையையும் ஒரு வரியில் சேருங்கள். பல நாடுகளின் சட்டப்படி, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை வடிவமைப்பின் உரிமை செய்தவரிடமே இருக்கும். கிளையன்டுக்கு இது பெரும்பாலும் தெரியாது. பிற்பாடு மனக்கசப்பு வராமல் இருக்க, 'முடிந்ததும் சைட் முழுதும் உங்களுடையது, காட்டும் உரிமை மட்டும் எனக்கு' என்று எழுதிவிடலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வழக்கம்: முடிவில் இன்வாய்ஸ் அனுப்புவது. முழுக் கட்டணம் இவ்வளவு, அறிமுகத் தள்ளுபடி 100 சதவீதம், செலுத்த வேண்டியது பூஜ்யம். இந்த வேலையின் மதிப்பு என்ன என்பது அந்தத் தாளைப் பார்த்ததும் அவருக்குப் புரியும். நாளைக்கு நண்பரிடம் உங்களைச் சிபாரிசு செய்யும்போது 'சும்மா செஞ்சு தருவாங்க' என்று சொல்ல மாட்டார்.

கேள்வி: டொமைனை (சைட்டின் முகவரிப் பெயரை) என் கணக்கிலேயே வாங்கிக் கொடுத்துட்டா கிளையன்டுக்குச் சுலபம்தானே மேடம்?

இன்றைக்குச் சுலபம். அடுத்த வருடம் புதுப்பிக்கிற நாளில் நீங்கள் வேறு வேலையில் இருப்பீர்கள், நினைவூட்டல் மெயில் உங்கள் பழைய முகவரிக்கு வந்து கிடக்கும், அவர் சைட் படுத்துவிடும். டொமைன் அவர் பெயரில், அவர் மெயிலில், அவர் கார்டில் இருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து (அல்லது திரையைப் பகிர்ந்து) வாங்க வையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியையும் அப்போதே போட்டுவிடுங்கள். டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியாகி நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. 'இலவசம்' என்றால் உங்கள் உழைப்புதான் இலவசம், டொமைனும் ஹோஸ்டிங்கும் (சைட்டை இணையத்தில் வைத்திருக்கும் இடம்) அவர் செலவு என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

இலவச ஹோஸ்டிங் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். விதிகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். வெர்செல் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவசத் திட்டம் வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். கிட்ஹப் பேஜஸ் என்ற இன்னொரு சேவையும் ஆன்லைன் வியாபாரம் நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங் அல்ல என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சொந்தப் போர்ட்ஃபோலியோவுக்கு கிட்ஹப் பேஜஸ் தாராளமாகப் போதும். கிளையன்ட் பொருள் விற்கிறார் என்றால் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள்.

கேள்வி: மூணு வாரமா கண்டென்ட் வரவே இல்ல. கேட்டா 'பிஸி'ங்கிறார்.

'கண்டென்ட் அனுப்புங்க' என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள். அவருக்கு அது வீட்டுப்பாடம். போனில் அரை மணி நேரம் கேளுங்கள்: வருகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள்? எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்? உங்களிடம் வராமல் வேறு இடத்துக்குப் போகிறவர் ஏன் போகிறார்? அவர் சொல்வதை அனுமதி கேட்டுப் பதிவு செய்து, நீங்களே எழுதி, சரிபார்க்க மட்டும் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால், ஒப்பந்தத்தில் போட்ட தேதி இருக்கிறதே, அதன்படி கௌரவமாக விலகிக்கொள்ளுங்கள். அடுத்த ஆளைப் பாருங்கள்.

கேள்வி: ரெடிமேட் தீம் போட்டுச் செய்ததை என் டிசைன் என்று காட்டலாமா?

'டிசைன்' என்று காட்டாதீர்கள். 'இன்ன தீம்-ஐ எடுத்து, இவற்றை மாற்றி, இப்படி அமைத்தேன்' என்று எழுதுங்கள். அதுவும் காசுக்கு விற்கிற திறமைதான், மறைக்க ஒன்றுமில்லை. அதே தீமின் டெமோவை முன்பே பார்த்த ஒருவர் உங்கள் போர்ட்ஃபோலியோவைத் திறந்தார் என்றால் அத்தோடு கதை முடிந்தது. படங்களின் உரிமத்தைப் பாருங்கள், ஃபான்ட்டின் உரிமத்தையும் பாருங்கள். கூகுளில் தேடி எடுத்த படம் இலவசப் படம் கிடையாது.

கேள்வி: இலவசமா வேலை செய்யறவங்களாலதான் மார்க்கெட்டே கெட்டுப் போகுது. இதுல நீங்க வேற வழி சொல்லிக் கொடுக்கறீங்க!

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். கெடுக்கிறது வேறொரு இலவசம்: 'பத்து பேர் டிசைன் செய்து அனுப்புங்க, பிடிச்சவருக்கு மட்டும் வேலை' என்று கேட்கிறார்களே, அது. அமெரிக்காவில் 1914-இல் தொடங்கிய ஏ.ஐ.ஜி.ஏ. என்ற வடிவமைப்பாளர் அமைப்பே இப்படிப்பட்ட வேலையை வேண்டாம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. அங்கே நிபந்தனை போடுகிறவர் கிளையன்ட். பத்தில் ஒன்பது பேர் உழைப்பு குப்பைக்குப் போகும். நான் சொல்வதில் ஆளைத் தேர்ந்தெடுப்பதும் நீங்கள், எல்லை போடுவதும் நீங்கள், நிறுத்துவதும் நீங்கள். நல்ல வருமானம் உள்ள கம்பெனி 'போர்ட்ஃபோலியோவுக்கு ஆகும்' என்று சொல்லி இலவசமாகக் கேட்டால், அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே மறுக்கப் போதுமான காரணம்.

கேள்வி: சைட் முடிஞ்சது. போர்ட்ஃபோலியோவில் ஸ்கிரீன்ஷாட் போட்டால் போதுமா?

போதாது. முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இத்தனை வாரம் சும்மா உழைத்தது ஒரு படத்துக்காகவா?

பிரச்சினை என்ன, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், பிறகு என்ன ஆனது: இந்த நாலும் வேண்டும். அதற்குப் பழைய நிலை கையில் இருக்க வேண்டுமே. எனவே வேலை தொடங்கும் நாளிலேயே பழைய சைட்டைப் போனிலும் கணினியிலும் முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் ஓட்டி முடிவுகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் சொல்லும் 'நல்ல' அளவுகள் மூன்று: முக்கிய உள்ளடக்கம் தெரிவது 2.5 விநாடிக்குள், தொட்டால் பக்கம் பதில் காட்டுவது 200 மில்லிவிநாடிக்குள், தளவமைப்பு நகர்வு (பக்கத்தில் இருப்பவை திடீரென இடம் மாறும் அளவு) 0.1-க்குள். ஒரே ஒரு முறை ஓட்டிப் பார்த்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். சில முறை ஓட்டி நடுவில் உள்ளதை எடுங்கள்.

எழுதுவது இப்படி இருக்கட்டும்: "வகுப்பு நேரம் படமாக இருந்தது. போனில் படிக்க முடியவில்லை, தேடலிலும் வரவில்லை. எழுத்து அட்டவணையாக மாற்றினேன். 'சேர' என்ற பட்டன் எப்போதும் கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கும். 'வகுப்பு எப்போ' என்று கேட்டு வரும் போன் குறைந்துவிட்டதாக ஆசிரியர் சொல்கிறார்." இதில் பெரிய எண் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிற கிளையன்டுக்குத் தன் தொல்லை நினைவுக்கு வரும். எண் கிடைக்காத இடத்தில் எண்ணை உருவாக்காதீர்கள், ஒரு போன் போட்டால் வெளுத்துவிடும்.

கேள்வி: நான் செய்த சைட்டைக் கிளையன்டே மாற்றி அலங்கோலமாக்கிவிட்டார். லிங்க் கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது.

லிங்க்கை எடுத்துவிடுங்கள். 'வெளியான நாளில் இருந்த வடிவம்' என்று குறிப்பிட்டு உங்கள் படங்களையும் சிறு திரைப்பதிவையும் வையுங்கள். வெளியாகும் அன்றே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்திலும் ஒரு பிரதி சேமித்து வைப்பது நல்லது.

கேள்வி: ஒப்படைக்கும் முன் கட்டாயம் சோதிக்க வேண்டியது எது, அக்கா?

கான்டாக்ட் ஃபார்ம். நிறம், அனிமேஷன் எல்லாம் அப்புறம்.

புதிதாக வருகிறவர்களின் சைட்டில் அடிக்கடி பார்க்கும் கோளாறு: ஃபார்மை நிரப்பியவரின் மெயில் முகவரியையே அனுப்புநர் என்று போட்டுவிடுவார்கள். ஜிமெயில் முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு வேறு ஏதோ சர்வரிலிருந்து மெயில் வந்தால், பெறும் பக்கம் சந்தேகப்பட்டு ஸ்பாமில் தள்ளும், அல்லது அறவே மறுக்கும். ஃபார்ம் 'நன்றி, அனுப்பப்பட்டது' என்று காட்டும். கிளையன்டுக்கு ஒன்றும் வராது. அனுப்புநராக சைட்டின் சொந்த டொமைன் முகவரியைப் போடுங்கள், நிரப்பியவரின் முகவரியைப் பதில் முகவரியில் வையுங்கள், எஸ்.எம்.டி.பி. (மெயில் சர்வரில் லாகின் செய்து அனுப்பும் முறை) வழியாக அனுப்புங்கள், டொமைனில் எஸ்.பி.எஃப். பதிவை, அதாவது அதன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியலை, சரிபாருங்கள். பிறகு வெவ்வேறு மெயில் சேவைகளிலிருந்து நீங்களே நிரப்பிப் பாருங்கள். கிளையன்டின் இன்பாக்ஸில் கண்ணால் பார்க்கும் வரை வேலை முடியவில்லை.

அடுத்து, மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் மெனு முழுதும் போய்வர முடிகிறதா பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்கட்டும். வெளிர் சாம்பல் எழுத்தின் மேல் டிசைனர்களுக்கு இருக்கும் மோகம் எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

கேள்வி: கற்பனை கம்பெனிக்குச் செய்த டிசைனைப் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா?

வைக்கலாம், 'பயிற்சிக்காகச் செய்தது' என்று எழுதி. ஒன்றுக்கு மேல் வேண்டாம். கற்பனைக் கிளையன்ட் 'லோகோவைப் பெரிசாக்குங்க' என்று சொல்ல மாட்டார் அல்லவா.

கேள்வி: இலவசமாகச் செய்தது என்று அடுத்த கிளையன்டிடம் சொல்ல வேண்டுமா?

நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லாதீர்கள்: 'தொடக்கத்தில் முழுத் தள்ளுபடியில் செய்தேன், இப்போது கட்டணம் இது' என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள்.

கேள்வி: ரெண்டு இலவச சைட் முடிச்சாச்சு. காசு கேட்க இன்னும் தயக்கமா இருக்கு.

முதல் காசு புதிய ஆளிடமிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? அந்த இருவரிடமே போங்கள். இலவசப் பிழை திருத்தத்துக்கான 30 நாள் முடிகிற வாரத்தில் ஒரு மெயில்: அப்டேட், பேக்கப், சின்னச் சின்ன மாற்றங்கள் இவற்றுக்கு மாதம் இவ்வளவு, வேண்டாம் என்றால் லாகின் விவரங்களும் செய்முறைக் குறிப்பும் இதோ. ஒருவர் சரி என்பார், இல்லாவிட்டால் இருவருமே வேண்டாம் என்பார்கள், குடி முழுகிவிடாது. அதே மெயிலின் கடைசி வரியில் 'உங்களைப் போல் சைட் தேவைப்படுகிறவர் யாராவது தெரியுமா' என்று கேளுங்கள். நாலு வரி கருத்து இன்னும் வரவில்லை என்றால் அதையும் அங்கேயே நினைவூட்டிவிடுங்கள்.