தொழிலாளர் ஆணையர் வேலையில் சேர்க்க உத்தரவிடுவாரா?

கேள்வி: அம்பத்தூர் பகுதியில் இயங்கும் தனியார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகள் லேத் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். 2025 ஜூன் 2 அன்று காலை ஷிப்டுக்குப் போனபோது கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். எழுத்தில் எந்த உத்தரவும் தரவில்லை. மே மாதச் சம்பளம் வரவில்லை. கடைசி எட்டு மாதங்கள் பிடித்த பி.எஃப். பணமும் கணக்கில் ஏறவில்லை. ஜூலையில் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள தொழிலாளர் ஆணையருக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். அதை அவர்கள் உதவி ஆணையருக்கு (சமரசம்) அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் தொடங்கி நான்கு முறை அழைத்தார். நிர்வாகம் இரண்டு முறை வரவேயில்லை. வந்தபோது நானாகவே நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிராஜுவிட்டியோடு கணக்கு முடித்துத் தருவதாகவும் சொல்கிறார்கள். மாநிலத்தில் தொழிலாளர்களுக்குப் பெரிய அதிகாரி ஆணையர்தானே? அவரை நேரில் பார்த்து முறையிட்டால் என்னை வேலையில் சேர்க்க உத்தரவிடுவாரா?

பதில்: உத்தரவிட மாட்டார். அவருக்கு மனமில்லை என்பது காரணமன்று. அந்த அதிகாரத்தைச் சட்டம் அவரிடம் கொடுக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆணையரைச் சந்திக்கக் காத்திருந்தே காலக்கெடுவைத் தவறவிட்டுவிட்டு, வழக்குத் தொடுக்கும் உரிமையை இழந்து வந்தவர்களை என் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி நேர்ந்துவிடக் கூடாது.

தொழிலாளர் ஆணையர் என்பவர் மாநில அரசின் தொழிலாளர் துறைக்குத் தலைமை தாங்கும் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. அவருக்குக் கீழே கூடுதல் ஆணையர், இணை ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர் என்று ஒரு வரிசை உண்டு. ஆனால் இது மேலே இருப்பவர் எதையும் மாற்றி எழுதக்கூடிய வரிசை அன்று. சமரசம் பேசுவது ஒருவர், பணிக்கொடை (கிராஜுவிட்டி) கோரிக்கையை விசாரித்து ஆணையிடுவது வேறொருவர், சம்பளப் பாக்கிக்கு உத்தரவிடுவது இன்னொருவர் என்று ஒவ்வொரு சட்டமும் ஒவ்வோர் அதிகாரியைத் தனித்தனியாகக் குறிப்பிடுகிறது. அந்தப் பணிகளில் அவர்கள் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள். பணிக்கொடை வழக்கில் இன்ன முடிவைத்தான் எழுத வேண்டும் என்று ஆணையரே சொன்னாலும், அப்படி எழுதப்பட்ட உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்காது.

ஆணையர் என்றால் எல்லாவற்றையும் செய்யக்கூடியவர் என்ற எண்ணம் நம் ஊரில் வேரூன்றியதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1920-களில் இந்தப் பதவியில் இருந்தவரின் பொறுப்பில், தொழிலாளர் நலனோடு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வீட்டுமனை பெற்றுத் தருவதும் பள்ளி நடத்துவதும் சேர்ந்திருந்தன. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பெரியவர்கள் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்லிவந்தது அதனால்தான். இன்றைய ஆணையரின் பணி அவ்வளவு விரிந்ததன்று.

இனி உங்கள் கோப்புக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மனு உதவி ஆணையரிடம் போனது உங்களைத் தட்டிக்கழித்ததாகாது. போக வேண்டிய இடத்துக்கே போயிருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி அவர் சமரச அலுவலர். இரு தரப்பையும் அழைத்துப் பேசி உடன்பாடு காண முயல்வதும், முடியாவிட்டால் முறிவறிக்கை அனுப்புவதுமே அவர் வேலை. யார் சொல்வது உண்மை என்று தீர்மானிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பலர் அறியாத ஓர் அதிகாரம் அவருக்கு உண்டு. 11-ஆம் பிரிவின்படி, ஒருவரை நேரில் வரச் செய்யவும் ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரத்தை அவர் பயன்படுத்தலாம். நிர்வாகம் இரண்டு முறை வராமல் இருந்தபோது இதைச் சுட்டிக்காட்டி நீங்கள் ஒரு மனு கொடுத்திருக்கலாம். அடுத்த அமர்வு இருந்தால், 2025 மே, ஜூன் மாதங்களின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

அதே அமர்வில் செய்ய வேண்டிய இன்னொன்று, என் பார்வையில் இந்த வழக்கிலேயே மிக முக்கியமானது. "தொழிலாளி தானாகவே நின்றுவிட்டார்" என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம். அதற்கு வாய்மொழியாகப் பதில் சொல்லி அழுவதால் பயனில்லை. "நான் வேலையை விடவில்லை, நாளைக் காலையே பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன், அனுமதியுங்கள்" என்று ஒரு கடிதம் எழுதி, சமரச அலுவலரிடம் ஒரு பிரதி கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டு, மற்றொன்றை நிர்வாகத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, ரசீதையும் சேர்ப்பித்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகும் அவர்கள் கேட்டைத் திறக்கவில்லை என்றால், வேலையை மறுத்தது யார் என்பதற்கு அதுவே ஆவணம். தொழிலாளி வரவில்லை என்பதையே காரணம் காட்டி, விசாரணை எதுவும் நடத்தாமல் அவருடைய வேலையை முடித்துவைப்பது இயற்கை நீதிக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் டி.கே. யாதவ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ விசாரணை அறிவிப்போ வந்ததாக நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் உங்கள் தரப்பு வலுவானது.

அடுத்து நீதிமன்றம். வேலைநீக்கம் பற்றிய தனிமனிதத் தகராறுக்கு அரசு பரிந்துரை செய்தால்தான் தொழிலாளர் நீதிமன்றம் போக முடியும் என்று இன்றும் சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் 1988-இலேயே மாநிலத் திருத்தம் வழியாகவும், நாடு முழுவதற்கும் 2010 செப்டம்பர் 15 முதல் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2-ஏ பிரிவின் திருத்தம் வழியாகவும், தொழிலாளியே நேரடியாக நீதிமன்றத்தை அணுகும் உரிமை வந்துவிட்டது. சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாட்கள் கடந்தால் போதும், முறிவறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் முதல் அமர்வே ஆகஸ்டில் நடந்திருப்பதால், அந்த 45 நாட்கள் எப்படிப் பார்த்தாலும் 2025 அக்டோபருக்குள் முடிந்துவிட்டன.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, கவனமாகப் படியுங்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தைத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. பழைய சட்டத்தில் வேலைநீக்க நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் போகலாம். புதிய தொகுப்பிலோ, தகராறு எழுந்து இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டால் சமரச நடவடிக்கையே நடத்த முடியாது. சமரச அலுவலரின் அறிக்கை கைக்கு வந்தால் 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். பழைய சட்டத்தின்கீழ் கிடைத்துவிட்ட உரிமை அந்தச் சட்டம் நீக்கப்பட்டதாலேயே அழியாது என்பது 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்லும் கோட்பாடு. அதை வைத்து உங்களுக்கு மூன்று ஆண்டுகள் உண்டு என்று என்னால் வாதாட முடியும். ஆனால் வாதாடி வெல்ல வேண்டிய நிலைக்கு உங்கள் வழக்கை ஏன் கொண்டுபோக வேண்டும்? இரண்டு சட்டங்களில் எது குறுகிய கெடுவோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொண்டு, இப்போதே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். புதிய தீர்ப்பாயங்கள் அமையும்வரை இருக்கும் தொழிலாளர் நீதிமன்றங்களே தொடர்ந்து விசாரிக்க மத்திய அரசு ஏற்பாடு செய்திருப்பதால், எங்கே தாக்கல் செய்வது என்ற தயக்கம் வேண்டாம். ஆணையருக்கு அனுப்பும் கடிதமோ அவரைச் சந்திப்பதோ இந்தக் கெடுக்களில் ஒரு நாளைக்கூட நிறுத்திவைக்காது.

நிர்வாகம் கேட்கும் ராஜினாமாக் கடிதம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்திடாதீர்கள். எழுதிக் கொடுத்த நிமிடத்தில், இதுவரை ஆதாரமில்லாமல் இருந்த நிர்வாகத்தின் வாதத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்தவர் ஆவீர்கள். பணிக்கொடை என்பது ராஜினாமாவுக்குக் கிடைக்கும் பரிசு அன்று. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளி சம்பாதித்துவிட்ட பணம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 18,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 10,500 ரூபாய். 11 ஆண்டுகளுக்கு 1,15,500 ரூபாய். இதற்கென்று தனி அதிகாரி இருக்கிறார். சமரச அலுவலரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. எனினும், வேலை திரும்ப வேண்டும் என்று ஒரு பக்கம் வழக்காடிக்கொண்டே மறுபக்கம் பணிக்கொடையை வாங்கினால், வேலை முடிந்ததை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக நிர்வாகம் வாதிடும். வேறு வழியின்றி வாங்க நேர்ந்தால், "வேலைநீக்கத்தை எதிர்க்கும் என் உரிமைக்குப் பாதகமின்றி, ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதியே கையெழுத்திடுங்கள்.

வழக்காடும் பலமில்லை, ஒரு தொகைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எல்லாக் குடும்பங்களாலும் முடிவதில்லை. ஆனால் அந்த உடன்பாடு கம்பெனியின் அறையில் வெள்ளைத்தாளில் எழுதப்படக் கூடாது. சமரச அலுவலர் முன்னிலையில், அவர் கையொப்பத்துடன் ஒப்பந்தமாக எழுதப்பட வேண்டும். அப்படி எழுதப்பட்ட தொகையை நிர்வாகம் தராவிட்டால், மாவட்ட ஆட்சியர் வழியாக நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மே மாதச் சம்பளத்துக்குத் தனியாக மனுச் செய்யுங்கள். புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு மூன்று ஆண்டுகள் அவகாசம் தருகிறது. பழைய சட்டம் 12 மாதங்களே தந்தது. இங்கேயும் குறுகியதையே கணக்கில் கொள்ளுங்கள். பி.எஃப். விவகாரத்தில் மாநிலத் தொழிலாளர் துறைக்கு வேலையே இல்லை. அது மத்திய அரசின் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தைச் சேர்ந்தது. சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டிருக்கும் எட்டு மாதங்களின் நகல்களோடு அங்கே புகார் கொடுங்கள். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதி ஓர் இடத்துக்கு அனுப்பியதில்தான் இவ்வளவு மாதங்கள் போயின.

அப்படியானால் ஆணையரிடம் போகவே கூடாதா என்றால், போகலாம். அவரால் முடிந்ததைக் கேட்க வேண்டும். துறையின் தலைவர் என்ற முறையில் கோப்பு ஏன் தேங்கியிருக்கிறது என்று கேட்கவும், சமரசத்தை விரைந்து முடிக்கச் சொல்லவும், தேவையானால் கோப்பை வேறோர் அலுவலரிடம் ஒப்படைக்கவும், அந்தத் தொழிற்சாலையில் சம்பளச் சட்டங்களின் கீழ் ஆய்வு நடத்தச் சொல்லவும் அவரால் முடியும். பழைய சட்டம் சமரச அறிக்கைக்கு 14 நாட்களும் புதிய தொகுப்பு 45 நாட்களும் குறித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, தாமதத்தை மட்டும் பற்றி, கோப்பு எண்ணுடன் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வேலைநீக்கத்தின் நியாய அநியாயத்தை அதில் எழுத வேண்டாம். கோப்பில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரியாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அமர்வுக் குறிப்புகளின் நகல் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தொழிற்சாலைத் தொழிலாளியை இலவச சட்ட உதவிக்கு உரியவராகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நியமன உத்தரவு இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பதிவுகள், இ.எஸ்.ஐ. அட்டை, ஜூலையில் அனுப்பிய மனுவின் நகல், நான்கு அமர்வுகளின் அறிவிப்புகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.