"பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஏப்ரலில் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்த தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம். சில சொற்களே பேசுகிறான். "முதலில் ஓராண்டு ஆங்கிலம் கற்கட்டும், சிறப்புக் கல்வியைப் பற்றி அப்புறம் பேசலாம்" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். வற்புறுத்திக் கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று கணவர் தயங்குகிறாராம். காத்திருக்கலாமா அக்கா என்கிறார்.

காத்திருக்காதீர்கள். இன்று இரவே கடிதம் எழுதுங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், நான் காத்திருந்து என் மகனின் ஓராண்டை இழந்தவள்.

விடுமுறைக்கு வந்து, செல்லூரில் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகனுக்கு இப்போது பதினாறு வயது. 11 ஆண்டுகளுக்கு முன், இதே மதுரையில் ஒரு பள்ளியின் சேர்க்கை அறையில் அவன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை இது. அதற்குப் பிறகு யார் கதவைத் திறந்தாலும் அவர்கள் எங்களுக்குத் தெய்வமாகத் தெரிந்தார்கள்.

அந்த மனத்தோடுதான் நியூ ஜெர்சியில், மகனுக்கான கல்வித் திட்டத்தைப் பேசப் பள்ளி கூட்டிய முதல் கூட்டத்துக்குப் போனோம். மேசையைச் சுற்றி ஆறு பேர். "பெற்றோராக உங்கள் கவலைகள் என்ன?" என்று கேட்டார்கள். நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததா, நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்றோம். தலைமையாசிரியர் முன்னால் நின்று நம் அப்பா அம்மா சொன்ன அதே வார்த்தை. மரியாதையாகத்தான் சொன்னோம். ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில், அதாவது அவன் ஒருவனுக்கென்றே எழுதப்படும் திட்டத்தில், அது எப்படிப் பதிவாகியிருந்தது என்பதை மறு ஆண்டுதான் கவனித்தேன்: "பெற்றோர் கவலை: ஏதுமில்லை."

அந்த ஓராண்டும், பல நாட்கள் மகனின் பையில் ஈரத் துணி ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வந்தது. கழிவறைக்குப் போக வேண்டும் என்று அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால்தானே எழுதியிருப்பார்கள்? குறை சொன்னால் இங்கேயும் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, துணியைத் துவைத்துப்போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். இன்று வரை ஆறாத விஷயம் அது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கேட்பது சலுகை இல்லை. மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1975 முதல் சட்டம் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து 21 வரை அது பொருந்தும். திட்டம் வகுக்கும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர்கள், பார்வையாளர்கள் அல்லர். ஆவணமில்லாமல் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியின் கதவு திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே தீர்ப்பளித்துவிட்டது. முறையான விசாவில் வந்திருக்கும் நீங்கள் எதற்குத் தயங்க வேண்டும்?

கடிதத்தைப் பள்ளி மாவட்டத்தின், அதாவது உங்கள் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், சிறப்புக் கல்வி இயக்குநருக்கு எழுதுங்கள். மகனின் பெயர், பிறந்த தேதி, எந்தப் பள்ளி, நீங்கள் வீட்டில் காண்பது என்ன, "சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு செய்யுமாறு கோருகிறேன்" என்ற வரி, தேதி, கையொப்பம். அவ்வளவு போதும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், அச்செடுத்து நேரிலும் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது கணக்கில் வராது. நியூ ஜெர்சி விதிப்படி, கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் அவர்கள் உங்களை அழைத்துக் கூட்டம் நடத்த வேண்டும். கோடை விடுமுறையும் அந்த 20 நாட்களில் சேர்த்தி. ஆகவே செப்டம்பர் வரட்டும் என்று விடாதீர்கள். மதிப்பீட்டுக்கு நீங்கள் சம்மதக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து, தகுதி இருந்தால் திட்டமும் நடைமுறைக்கு வந்துவிட வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

"ஆங்கிலம் வரட்டும்" என்பது தள்ளிப்போடுவதற்கு ஏற்ற காரணம் இல்லை. இயன்றவரை குழந்தைக்குத் தெரிந்த மொழியிலேயே மதிப்பிட வேண்டும் என்கிறது சட்டம். கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேளுங்கள், செலவு அவர்களுடையது.

ஊரிலிருந்து கொண்டுவந்த மருத்துவச் சான்று, பேச்சுப் பயிற்சியாளரின் குறிப்புகள் எல்லாவற்றையும் நகலெடுத்துக் கொடுங்கள். ஆனால் நம் ஊர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள பாதிப்புச் சதவீதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இங்கே 40 சதவீதம் என்ற கோடு முக்கியம். அங்கே அப்படி எதுவும் கிடையாது. சட்டம் சொல்லும் 13 வகைகளில் ஒன்று பொருந்துகிறதா, அதனால் படிப்பு பாதிக்கப்படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

திட்டத்தின் வரைவு கைக்கு வந்ததும் இலக்குகளைத்தான் முதலில் படியுங்கள். "பேச்சுத் திறன் மேம்படும்" என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சரிபார்க்க முடியாத வாக்கியம் அது. இரண்டாம் ஆண்டு கூட்டத்துக்கு நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். ஈரத் துணி வந்த தேதிகளை எல்லாம் அதில் குறித்திருந்தேன். குரல் நடுங்கத்தான் படித்தேன். படித்து முடித்தபோது அந்த அறையில் யாரும் கோபப்படவில்லை. பேச்சுப் பயிற்சியாளர் உடனே ஒரு இலக்கை எழுதினார்: கழிவறைப் படம் உள்ள அட்டையை, யாரும் நினைவூட்டாமல், 5 முறையில் 4 முறை தானே எடுத்துக் காட்டுவான். பிப்ரவரிக்குள் பையில் ஈரத் துணி வருவது நின்றுவிட்டது. ஆசிரியர்கள் நல்லவர்கள்தான். அவர்களுக்கு என் மகனைத் தெரியாது, எனக்குத் தெரியும்.

முதல் திட்டம் உங்கள் கையெழுத்து இல்லாமல் நடைமுறைக்கு வராது. அதை அங்கேயே, அப்போதே போட வேண்டியதில்லை, வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் கவனம் வேண்டும். மாற்றங்கள் பற்றிய அறிவிப்பு தந்து 15 நாட்களுக்குள் நீங்கள் சமரசப் பேச்சோ விசாரணையோ கோராவிட்டால் அவை தாமாக நடைமுறைக்கு வந்துவிடும். மௌனம் சம்மதம் என்பது அங்கே விதியாகவே இருக்கிறது. தனியாகச் சமாளிக்க முடியாது என்று தோன்றினால் ஸ்பேன் என்ற பெற்றோர் அமைப்பை அழையுங்கள். மாநிலத்தில் இதற்கென்றே உள்ள பெற்றோர் பயிற்சி மையம் அது.

இன்னொன்று. வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்களிடம் சொன்னார்கள், இரண்டு ஆண்டுகள் கேட்டு நடந்தோம். அந்த இரண்டு ஆண்டுகள் என் மகனும் அவன் அம்மாச்சியும் தொலைபேசியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை. நேற்று மாலை சிம்மக்கல்லுக்குப் போய்த் திரும்பியதும், "அம்மாச்சி, தண்ணி" என்று அவனே கேட்டான். அம்மா செம்போடு ஓடினார்.

கடிதத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன். ஆகஸ்ட் இறுதி வரை இங்கேதான் இருப்பேன். உங்களுக்குக் காலை பதினொரு மணி என்றால் எனக்கு இரவு எட்டரை. மகன் சாப்பிட்டு முடித்திருப்பான், நிதானமாகப் பேசலாம்.