பத்து ஆண்டு ஓடிய ஸ்டாண்ட் மிக்சரின் கியர் கிரீஸை மாற்ற வேண்டுமா?

மாவு பிசையும் ஸ்டாண்ட் மிக்சர் பத்து ஆண்டுகளாகப் பழுதின்றி ஓடும்போது அதன் கியர் கிரீஸை மாற்றுவது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான், ஆனால் ஆண்டுதோறும் அல்ல.

லித்தியம் போன்ற உலோகத்தைக் கொண்ட சோப்பின் (எண்ணெயைக் கெட்டியாக்கும் பொருள்; குளிக்கும் சோப்பு அல்ல) நுண்ணிய வலைக்குள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் கலவையே கிரீஸ். கியர்களை உராய்விலிருந்து காப்பது அந்த எண்ணெய். வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் காலப்போக்கில் எண்ணெய் பிரிந்து வெளியேற, எஞ்சியது கெட்டியாகி, பற்களை விட்டு விலகி உறையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உள்ளே கிரீஸ் நிறையத் தெரிந்தாலும் பற்கள் காய்ந்து தேயக்கூடும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் இயந்திரத்திலும் எண்ணெய் பிரியும். கிண்ணத்தில் சொட்டும் எண்ணெய்த் துளிகள் அதற்கு அடையாளம்.

மின் இணைப்பைத் துண்டித்துத் திறந்த பின், பழைய கிரீஸை முழுவதுமாக வழித்தெடுங்கள். வெவ்வேறு சோப்பு வகைக் கிரீஸ்கள் கலந்தால் இளகி ஒழுகக்கூடும் என்பதால், பழையதன் மேலேயே புதியதைப் பூசி மூடுவதை நான் ஏற்பதில்லை. கியர் உணவுக்கு நேர் மேலே இருப்பதால், தற்செயலாக உணவில் பட்டாலும் ஏற்கத்தக்க எச்1 வகைக் கிரீஸையே வாங்குங்கள். வழித்தெடுத்ததில் உலோகத் துகள்கள் மின்னினால், கியரையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.