நீரை விலக்கும் வலையில் டீசல் ஏன் இறங்குவதில்லை?

நீரை விலக்கி எண்ணெயை மட்டும் விடும் பூச்சுள்ள எஃகு வலையில் டீசல் கலந்த நீரை ஊற்றினால், சற்று நேரத்தில் ஒழுக்கு ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் பூச்சின் குறை அல்ல. நீர் டீசலைவிடக் கனமானது. கீழே இறங்கி வலையை மூடிக்கொள்கிறது, டீசல் வலையைத் தொடவே முடிவதில்லை. குளோரோஃபார்ம் போல நீரைவிடக் கனமான திரவங்களுக்கே இந்த வலை நேராகப் பொருந்தும்.

மிதக்கும் எண்ணெய்க்கு நேர்மாறானது, அதாவது நீரை மட்டும் விட்டு எண்ணெயைத் தடுப்பது வேண்டும்: பாலிஅக்ரிலமைடு போன்ற ஹைட்ரோஜெல் (நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கூழ்) பூசிய வலை. பயன்படுத்துமுன் சுத்தமான நீரில் முழுக்க நனைத்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். துளைகளில் நிற்கும் நீர்தான் எண்ணெயைத் தடுக்கிறது. உலர்ந்த வலையில் எண்ணெய் முதலில் பட்டால் ஊடுருவிவிடும்.

தாங்கும் அழுத்தத்துக்கும் எல்லை உண்டு. இடைமுக இழுவிசையை (எண்ணெயும் நீரும் தொடும் பரப்பில் உள்ள இழுவிசை) நான்கால் பெருக்கித் துளை விட்டத்தால் வகுத்தால் அதன் உச்சவரம்பு கிடைக்கும். இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், துளை 50 மைக்ரோமீட்டர் என்றால் 2,400 பாஸ்கல். சுமார் 24 செ.மீ. உயர நீரின் அழுத்தம். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே வையுங்கள். சோப்பு கலந்திருந்தால் இழுவிசை வெகுவாகக் குறைந்து எண்ணெய் கசியும். எண்ணெய் நுண்துளிகளாக நீரில் கலந்து பால்போல் கலங்கிய குழம்புக்கு இவ்வளவு பெரிய துளை உதவாது. எண்ணெய்த் துளியைவிடச் சிறிய துளையுள்ள மென்சவ்வு தேவை.