ஜூன் 12ன்னா மேட்டூர் திறப்பு மட்டும்தானா? அதே நாள்ல உலகத்துல வேற என்னெல்லாம் நடந்திருக்கு?

நம்ம டெல்டாக்காரங்களுக்கு ஜூன் 12ன்னா மொதல்ல மேட்டூர்தான் ஞாபகத்துக்கு வரும், அதுல தப்பே இல்ல. குறுவை நெல் சாகுபடிக்குத் தண்ணி விடுற வழக்கமான தேதி அது. அணை முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி), தொறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துரும், அப்பறம் காவிரி வெண்ணாறு கல்லணைக் கால்வாய்னு பிரிஞ்சு போவும். ஆனா எல்லா வருசமும் இது நடக்கல, 2008க்கு அப்பறம் 2020லதான் சரியா அந்தத் தேதியில தொறந்தாங்க, 2024ல ஜூலை 28 வரைக்கும் காத்துக் கெடந்தோம், அந்த வலி நாத்தங்கால காயவிட்டவங்களுக்குத்தான் தெரியும்.

இதே தேதியில 1929ல பிறந்தவங்க ஆன் ஃபிராங்க், ஹிட்லரோட நாஜிகளுக்குப் பயந்து ஒளிஞ்சு வாழ்ந்தத டைரியா எழுதின யூதப் பொண்ணு. 1942ல 13வது பிறந்தநாள் பரிசா வந்த நோட்டுலதான் அந்த டைரிய எழுத ஆரம்பிச்சாங்க, யோசிச்சுப் பாருங்க, எட்டாங்கிளாஸ் படிக்கிற நம்ம வீட்டுப் பொண்ணு வயசு. எனக்கு இந்தத் தேதியில ரொம்ப மனச உலுக்குறது அதுதான்.

1964ல நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிச்சதும் இதே நாள். 1975ல இந்திரா காந்தி ஜெயிச்ச ரேபரேலி தேர்தல் செல்லாதுன்னு அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பு சொல்லிச்சு, ரெண்டு வாரத்துக்குள்ள எமர்ஜென்சி வந்துருச்சு. பிலிப்பைன்ஸ் சுதந்திர தினமும் இதான், 1898ல அறிவிச்சது.

இன்னொண்ணு, 2002லேர்ந்து ஜூன் 12 குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாளாவும் இருக்கு. தண்ணி தொறக்குற செய்தியோட இதையும் புள்ளைங்களுக்குச் சொல்லுங்க.